பூச்சிமருந்துப் பிரயோகமும் அதன் அபாயங்களும்: இலத்தூர் வட்டாரம்

குற்றால மலைகளை மேற்கே கொண்டு, குளத்துப் பாசனத்தில் நெல்லும் தோப்புகளில் தென்னையும் விளையும் தென்காசி மாவட்டத்து இலத்தூர் வட்டாரத்தில், பூச்சிமருந்து அடிப்பது நடவையும் களையெடுப்பையும் போலவே சாகுபடியின் வழக்கமான காரியங்களுள் ஒன்றாகிவிட்டது. குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு, புகையான் ஆகியவற்றுக்காகக் கார், பிசானம் என்னும் இரு போகங்களிலும் மருந்து பிரயோகிக்கப்படுகிறது எனினும், கார் போகத்திலேயே ஜாக்கிரதை அதிகம் வேண்டும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில், செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் மேல்காற்று வயல்வெளியில் ஓயாது வீசுவதால், தெளிப்பானின் நுண்துளிகள் பயிரில் படியுமுன்பே அடிப்பவர் முகத்திலும், அடுத்த வயலில் களையெடுக்கும் பெண்கள் மீதும் வந்து படிகின்றன. சாரல் மருந்தைக் கழுவிவிட்டால் மறுபடியும் அடிக்கும் நிர்ப்பந்தம் நேர்கிறது. காற்றடங்கிய விடியற்காலையில், காற்றுக்குக் குறுக்காக நடந்து, மருந்து தம்மை விட்டு விலகிச் செல்லுமாறு அடிப்பதே முறை.

விஷம் மூக்கு வழியாகவே ஏறும் என்று எண்ணி முகத்தில் துண்டு கட்டிக்கொள்வதோடு பலர் அமைந்துவிடுகின்றனர். உண்மையில் அது பெரும்பாலும் தோல் வழியாகவே சரீரத்திற்குள் புகுகிறது. முதுகில் சுமந்த டேங்க் கசிந்து நனைந்த சட்டையும், அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதும் பழக்கமும் அதற்குத் துணையாகின்றன. அபாயம் உச்சத்திலிருப்பது அடிக்கும்போதன்று, கலக்கும்போது. ஏனெனில் டேங்கிலிருப்பது லிட்டருக்குச் சில மில்லி வீதம் நீர்த்துப்போன விஷம், புட்டியிலிருந்து வெறுங்கையில் சிந்துவதோ அதன் முழு வீரியம். ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்புக்கு இன்றியமையாத கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குவதால், வியர்வையும் எச்சிலும் பெருகி, கண்பாவை சுருங்கி, வாந்தியும் மூச்சுத்திணறலும் உண்டாகின்றன. அப்போது உடையைக் களைந்து சோப்பால் உடலைக் கழுவி, மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். அட்ரோபின் ஊசியே முதன்மையான மாற்று மருந்து.

1958-இல் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரத்தின் விளைவாகவே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் விதிகளும் பிறந்தன. புட்டியின் மேல் காணும் முக்கோணம் கடும் விஷத்திற்குச் சிவப்பு, அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று எழுத்தறியாதவருக்கும் விளங்குமாறு அமைக்கப்பட்டது அவ்விதிகளின்படியே. ஆயினும், டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி வருகிறவர் எத்தனை பேர் அந்தப் புட்டியைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள்? 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து இறந்த இருபதுக்கு மேற்பட்டோரில் கூலியாட்களும் இருந்தனர்.

கையுறை, முகமூடி, ரப்பர் பூட்ஸ் என்ற உபதேசம் சரியே. ஆனால் கொளுத்தும் வெயிலில் அவற்றை அணிந்து சேற்றில் நடக்கச் சொல்பவர் ஒருமுறை நடந்து பார்ப்பது நலம். உடுக்கச் சிரமமான கவசம் தேவைப்படும் மருந்துகளை, உஷ்ணப் பிரதேசத்துச் சிறு விவசாயிகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டுமென்றே ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் நடத்தை நெறியும் கூறுகிறது. மருந்தைக் குறைத்தால் மகசூல் போய்விடும் என்ற அச்சமும் முற்றும் உண்மையன்று: செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள், புகையானைத் தின்னும் சிலந்திகளை அழித்து அப்பூச்சியையே பெருக்கிவிடும். இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கான 57 மருந்துகளைத் தடைசெய்தது இத்தகைய அனுபவத்தால்தான்.

தென்னையின் வேரில் பாலிதீன் பையில் கட்டி ஊட்டப் பரிந்துரைக்கப்பட்டு, அதன்பின் 45 நாட்கள் காய் பறிக்கலாகாது என்ற எச்சரிக்கையோடு இத்தோப்புகளுக்கும் வந்தது மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து. காய்கறிகளில் அதன் உபயோகம் 2005-இல் விலக்கப்பட்டது. அதன் 36 சதவீதக் கரைசலை முழுவதும் தடைசெய்த மத்திய அரசின் ஆணை 2023-இல்தான் வெளிவந்தது. காய்கறி உண்பவருக்கு ஆகாதென்று தீர்ந்த விஷம், அதைக் கையால் கலப்பவருக்கும் ஆகாதென்று தீர்வதற்கு 18 ஆண்டுகள் கழிந்தது நியாயமன்று.