கல்கத்தாவிலிருந்து போன ஒரு கடிதம்

கரியாஹாட் என்றதும் நம்மவர்களுக்குப் புடவைக் கடையும் நடைபாதைப் பேரமும்தான் ஞாபகம் வரும். அங்கே ஒரு போலீஸ் ஸ்டேஷனும் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்த நம் வீட்டுப் பையன் ஒருவனை, அங்கோ வேறெங்கோ, பிடித்து வைத்தால் திருச்சியிலோ மதுரையிலோ இருக்கும் அப்பா அம்மாவுக்கு யார் சொல்வது?

இந்தக் கேள்விக்கான பதில் பிறந்ததே இந்த ஊரில்தான்.

1986 ஆகஸ்ட் 26. மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் செயல் தலைவர் டி.கே. பாசு, இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். லாக்கப் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டிக்காட்டியிருந்தார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டு எல்லா மாநிலங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. தீர்ப்பு வந்தது 1996 டிசம்பர் 18 அன்று. பத்து வருஷத்துக்கு மேல்!

அதற்கு முன் சட்டமே இல்லையா? இருந்தது. அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. ஆனால் ஸ்டேஷனுக்குள் நடப்பதற்குச் சாட்சி ஏது? நீதிபதிகள் குல்தீப் சிங்கும் ஏ.எஸ். ஆனந்தும் 11 கட்டளைகளால் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். போலீஸ்காரர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். நேரம், தேதி போட்ட கைதுக் குறிப்பில் குடும்பத்தினரோ உள்ளூர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதனை. உறவினர் வெளியூரில் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு.

தந்தி 2013-இல் போய்விட்டது. கடமை போகவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கைதுக் குறிப்பு 36-ஆவது பிரிவிலும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்வது 48-ஆவது பிரிவிலும் இருக்கின்றன. காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வங்காளம் தெரியாத நமக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவருக்கு அந்த 24 மணி நேரக் கணக்கு கிடையாது. ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமலே மூன்று மாதம் வரை உள்ளே வைக்கலாம். சென்னை மாநில அரசு அடைத்து வைத்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1950-லேயே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது.

கட்டளைகள் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் செத்தது இத்தனையும் ஏட்டில் இருக்கும்போதுதான். ஆனாலும் கேட்பதற்கு இன்று ஒரு சட்டம் இருக்கிறது. வெளியூரில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள்: கைதுக் குறிப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, வீட்டு நம்பரை மனப்பாடமாக வைத்துக்கொள். போனைத்தான் முதலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.