பட்டியும் ரப்பரும்

உலோகச் சட்டத்தில் கண்ணாடி நேராக உட்காரக் கூடாது. இரும்பானாலும் அலுமினியமானாலும், கண்ணாடியின் ஓரம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தொடுகிற அந்தப் புள்ளியில்தான் என்றாவது ஒரு நாள் விரிசல் தொடங்கும். அதனால் இரண்டுக்கும் நடுவில் இன்னொரு பொருள் வேண்டியிருக்கிறது. அது கண்ணாடியைப் பிடித்து நிறுத்த வேண்டும், மழையைத் தடுக்க வேண்டும், வெயிலில் சட்டம் நீண்டு இரவில் சுருங்கும்போது கண்ணாடிக்கு அடிபடாமல் காக்க வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் இந்த வேலையைப் பல காலம் பட்டி செய்தது. இப்போது ரப்பர் செய்கிறது.

பட்டி பழைய காலத்துப் பொருள், உதிர்ந்துவிடும், ரப்பர்தான் நம்பகமானது என்பது வீடு கட்டுகிறவர்களிடம் பொதுவாக இருக்கும் எண்ணம். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் இரும்பு ஜன்னல்களைக் கழற்றி எடைக்குப் போடுவதற்குச் சொல்லும் முதல் காரணமும் அதுதான். எனக்கு இந்த எண்ணத்தில் உடன்பாடு இல்லை. இரண்டையும் அவற்றுக்குரிய உலோகத்தோடு சேர்த்துப் பார்க்காமல், பொருளை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடுவதால் வருகிற எண்ணம் அது.

இரும்பு ஜன்னல் தொழிற்சாலைப் பொருளான கதை இங்கிலாந்தின் எசெக்ஸில் தொடங்குகிறது. அங்கே பிரெயின்ட்ரீ என்ற ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பிரான்சிஸ் ஹென்றி கிரிட்டால் 1884-இல் உலோக ஜன்னல்கள் செய்யத் தொடங்கினார். சூடாக உருட்டி எடுத்த மெல்லிய எஃகுச் சட்டங்கள், நடுவில் குறுக்குக் கம்பிகள், சிறு சிறு கண்ணாடிகள் என்ற அந்த அமைப்பு இந்தியாவிலும் அரசுக் குடியிருப்புகள், பள்ளிகள், ஆலைகள், நடுத்தர வீடுகள் என எங்கும் பரவியது. இந்தியத் தர நிறுவனம் எஃகு ஜன்னல்களுக்கு ஐ.எஸ். 1038 என்ற தரத்தை வகுத்தது. ஜன்னல் சட்டத்தில் பூசும் பட்டிக்கென்றே ஐ.எஸ். 419 என்ற தனித் தரம் இருக்கிறது. சட்டத்தைச் சுவரில் பொருத்திக் கண்ணாடி மாட்டும் முறைக்கு 1960-இல் ஐ.எஸ். 1081 வந்தது. இரும்பு, அலுமினியம் இரண்டுக்கும் சேர்த்தே எழுதப்பட்ட விதித்தொகுப்பு அது.

பட்டி என்பது வெள்ளைச் சுண்ணத்தூளை ஆளி விதை எண்ணெயில் பிசைந்தது. சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வரும்வரை கையாலேயே பிசைவார்கள். இந்த எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. மரச் சட்டமாக இருந்தால் எண்ணெயில் ஒரு பங்கை மரமே உறிஞ்சிவிடும். இரும்பு எதையும் உறிஞ்சாது. ஆகவே இரும்புக்கான பட்டியில் சீக்கிரம் இறுகச் செய்யும் பொருளும் சேர்ந்திருக்க வேண்டும். மரத்துக்கான பட்டியை இரும்பில் வைத்தால் மேலே தோல் கட்டி உள்ளே வெகுநாள் கொழகொழவென்றே கிடக்கும்.

வேலையின் வரிசை முக்கியமானது. முதலில் சட்டத்துக்குப் பிரைமர் அடித்துக் காயவிட வேண்டும். பிறகு கண்ணாடி உட்காரும் விளிம்பில் மெல்லிய அடுக்காகப் பட்டி வைத்து, அதன்மேல் கண்ணாடியை அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் உடையும். ஓரமாகக் கை வைத்துச் சீராக அழுத்தினால் அதிகப்படியான பட்டி பின்பக்கம் பிதுங்கி வரும். அது நாலு பக்கமும் பிதுங்கியதா என்று பார்த்தாலே அடிப்பட்டி எங்கும் இடைவெளியின்றி நிரம்பியதா என்று தெரிந்துவிடும். அடுத்து, சட்டத்தில் உள்ள துளைகளில் எஃகுக் கிளிப்புகளைச் செருக வேண்டும். அதன் பிறகுதான் முன்பக்கப் பட்டியை வைத்து, பட்டி பிளேடால் ஒரே இழுப்பில் சாய்வாக வழித்துவிடுவது. மழைநீர் தங்காமல் ஓடுவதற்கான சாய்வு அது. தேர்ந்த கை இழுத்த சாய்வில், உள்ளிருந்து பார்த்தால் பட்டி சட்டத்துக்கு மேலே தெரியாது.

இதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பட்டிக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம். பட்டி மேலே தோல் கட்டியதும், சில வாரங்களுக்குள், அதன்மேல் பெயின்ட் ஏற வேண்டும். அந்தப் பெயின்ட் பட்டியோடு நிற்காமல் கண்ணாடியின் மேலும் இரண்டு மி.மீ. படிய வேண்டும். பட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள மயிரிழைப் பிளவை மூடுவது அந்த இரண்டு மி.மீ. கோடுதான். பல வீடுகளில் கண்ணாடியில் பெயின்ட் பட்டிருக்கிறதே என்று அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் அந்த வழியாகவே இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே இடமில்லாததால் அது பட்டியைத் தள்ளி உதிர்க்கிறது, அல்லது கண்ணாடியை மூலையிலிருந்து விரிசல் விடவைக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பட்டி உதிர்ந்ததுதான் தெரியும். உண்மையில் அங்கே தோற்றது பெயின்ட்.

கிளிப்புகளை விட்டுவிடும் பழக்கமும் உண்டு. இரும்பு ஜன்னலில் கண்ணாடியைப் பெரும்பாலும் வெளிப்பக்கத்திலிருந்தே பொருத்துகிறார்கள். காற்று எப்போதும் உள்நோக்கி மட்டும் தள்ளாது. கட்டடத்தின் பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் அது கண்ணாடியை வெளிநோக்கி உறிஞ்சும். சென்னைக்கு ஐ.எஸ். 875 வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். உயரம், வடிவம் முதலிய திருத்தங்களைச் சேர்க்காமலே அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் எண்ணாகத் தோன்றாது. கிளிப் இல்லாத ஜன்னலில் அந்த உறிஞ்சலை வெறும் பட்டி மட்டுமே தாங்க வேண்டியிருக்கும்.

ரப்பர் வேறொரு வழியில் வந்தது. 1930-இல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் உருவானது. காரின் கண்ணாடியை அதன் உடலோடு பொருத்த ரப்பர் பட்டை பயன்பட்டுவந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வாரன் நகரில், ஈரோ சாரினன் வடிவமைத்து 1956-இல் திறக்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்ப மையத்தில் அந்தக் கார் உத்தி கட்டடத்துக்கு மாறியது. அங்கே உலோகச் சட்டத்தில் கண்ணாடியை நியோபிரீன் பட்டை பிடித்துக்கொண்டது. கார் செய்கிறவர்கள் தங்கள் கட்டடத்துக்கும் அதே தீர்வைக் கொண்டுவந்தது இயல்புதான். ஓடும் காரின் கண்ணாடி நாள் முழுதும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. இறுகிப்போகும் எந்தப் பொருளும் அங்கே நிற்காது.

இன்று நம் ஊர் அலுமினியம் பட்டறையில் நடப்பது அதைவிட எளிய வடிவம். ஸ்லைடிங் ஜன்னலின் ஷட்டருக்கு வெட்டிய கண்ணாடியின் ஓரம் முழுக்க யு வடிவ ரப்பரைச் சுற்றுகிறார்கள். நான்கு சட்டங்களையும் அதன்மேல் ஒவ்வொன்றாகச் செருகி, மூலைகளில் ஸ்குரூ போட்டு முடுக்குகிறார்கள். திறக்கும் ஜன்னலாக இருந்தால் ஒரு பக்கம் சட்டத்தின் விளிம்பு, மறுபக்கம் பீடிங் என்ற கழற்றி மாட்டும் சிறு சட்டம். பீடிங்கைத் தட்டி மாட்டியபின் இருபுறமும் ரப்பரை அழுத்திச் செருகுவார்கள். காய விட வேண்டியதில்லை, பெயின்ட் அடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டறையிலேயே முடிந்து, முழு ஷட்டராக வண்டியில் ஏறி வந்துவிடும். கண்ணாடி இரு பக்கமும் பள்ளத்துக்குள் பிடிபட்டிருப்பதால் காற்றின் தள்ளலும் உறிஞ்சலும் அதற்கு ஒன்றுதான். இந்த ஒரு விஷயத்தில் ரப்பர் முறை தெளிவாகவே மேல்.

ஆனால் இரண்டையும் பிரிக்கும் அடிப்படை வேறுபாடு வெப்பத்தில் இருக்கிறது. 1,200 மி.மீ. நீளமுள்ள ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேற்குப் பார்த்த சுவரில் கோடை மாலைக்கும் விடியலுக்கும் இடையே சட்டத்தின் சூடு 40 டிகிரி மாறுவதாக வைத்துக்கொள்வோம். கண்ணாடி இந்த மாற்றத்தில் ஏறத்தாழ 0.43 மி.மீ. நீளும். எஃகு 0.58 மி.மீ. நீளும். அலுமினியம் 1.1 மி.மீ. நீளும். அதாவது எஃகுக்கும் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 0.15 மி.மீ.தான்; அலுமினியத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ளதோ 0.67 மி.மீ.

இந்த எண்களைப் பார்த்தபின் பட்டியா ரப்பரா என்ற கேள்வியே இடம் மாறிவிடுகிறது. எஃகும் கண்ணாடியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நீண்டு ஒன்றாகவே சுருங்குவதால், இறுகிப்போன பட்டியால் அவற்றுக்கு நடுவில் பல ஆண்டுகள் இருக்க முடிகிறது. அதே பட்டியை அலுமினியச் சட்டத்தில் வைத்தால், நாள்தோறும் அதைப்போல நாலைந்து மடங்கு உராய்வு. சில கோடைகளிலேயே அது கண்ணாடியை விட்டு விலகும். அலுமினியத்துக்கு வழுக்கிக்கொடுக்கும், நசுங்கி மீளும் பொருள் கட்டாயம். அந்த இடத்தில் ரப்பர் வந்தது உலோகம் மாறியதால்தான். அலுமினியத்தின் தேவையை வைத்துப் பட்டியைத் தரம் தாழ்த்துவது நியாயமாகாது.

தண்ணீரை எதிர்கொள்வதிலும் இரண்டுக்கும் கொள்கையே வேறு. பட்டி ஒரு சொட்டையும் உள்ளே விடாமல் முழுதாக அடைக்க முயல்கிறது. அடைப்பு எங்காவது விட்டால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. ரப்பரோ மூலைகளில் எப்படியும் கொஞ்சம் கசியும். நல்ல அலுமினிய ஜன்னல் அதை ஏற்றுக்கொண்டு, கீழ்ச் சட்டத்திலும் டிராக்கிலும் சிறு துளைகள் வைத்து வந்த தண்ணீரை வெளியே அனுப்பிவிடுகிறது. எறும்பு வருகிறது, கொசு வருகிறது என்று அந்தத் துளைகளைச் சிலிக்கோனால் அடைத்துவிட்ட வீடுகள் உண்டு. பெருமழையில் டிராக் நிரம்பி அறைக்குள் வழிகிறபோது பழி ஜன்னல் செய்தவர்மேல் விழும்.

ரப்பர் என்ற ஒரே பெயரில் கடையில் இரண்டு பொருள்கள் விற்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்று ஈ.பி.டி.எம். என்ற உண்மையான செயற்கை ரப்பர்; வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். இன்னொன்று மென்மையாக்கிய பி.வி.சி. அதன் மென்மை அதில் கலந்த எண்ணெய்போன்ற பொருளால் வருவது. வெயிலில் அந்தப் பொருள் மெல்ல வெளியேற, பட்டை சுருங்கிக் கெட்டியாகி மூலைகளில் இடைவெளி விடும். விலை குறைவு என்பதால் நம் ஜன்னல்களில் அதிகம் போவது இதுதான். மாட்டும் கையும் இதில் சேர்ந்துகொள்கிறது. ரப்பரை இழுத்து இழுத்துச் செருகினால் வேலை சீக்கிரம் முடியும், நீளமும் மிச்சமாகும். ஆனால் இழுபட்ட ரப்பர் தன் பழைய நீளத்துக்குத் திரும்பியே தீரும். தேவையைவிடச் சற்று நீளமாக வெட்டி, மூலைகளிலிருந்து நடுவை நோக்கி நெருக்கிச் செருகுவதே சரியான முறை. இந்த ஒன்றைப் பார்த்தே பட்டறையின் தரத்தை எடைபோட்டுவிடலாம்.

கண்ணாடியின் அடியில் வைக்க வேண்டிய தாங்கு கட்டைகளையும் பலர் வைப்பதில்லை. கண்ணாடி ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ எடை. 5 மி.மீ. கண்ணாடியில் ஒன்றரைச் சதுர மீட்டர் ஷட்டர் என்றால் கிட்டத்தட்ட 19 கிலோ. அகலத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் இரண்டு கெட்டி ரப்பர்க் கட்டைகள் இருந்தால் அந்த எடை சட்டத்தில் ஒழுங்காக இறங்கும். இல்லாவிட்டால் அடிப்பக்க ரப்பர் நாளடைவில் நசுங்கிக் கண்ணாடி உலோகத்தில் போய் உட்காரும்.

பழுதுபார்ப்பில் எனக்குப் பட்டியின்மேல்தான் மதிப்பு. கண்ணாடி உடைந்தால் ஒருவர் வந்து, ஜன்னல் இருந்த இடத்திலேயே பழைய பட்டியைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டிப் பிரைமர் அடித்து, சாதாரணக் கண்ணாடியை அங்கேயே அளந்து வெட்டி மாட்டிவிட முடியும். அவருக்கு எந்த நிறுவனத்தின் சட்டம் என்று தெரிய வேண்டியதில்லை. பழைய பட்டி கல்லாக இறுகியிருக்கும் என்பதால் நேரம் எடுக்கும் வேலைதான். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்தபடியே தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். அலுமினிய ஷட்டரில் கண்ணாடி மாற்ற அதைக் கழற்றி, மூலை ஸ்குரூக்களைப் பிரித்து, சட்டத்தையே உருவ வேண்டும். சூடேற்றி வலுவூட்டிய டஃபன்ட் கண்ணாடியென்றால் வெட்டவே முடியாது, அளவு கொடுத்துச் செய்துவரக் காத்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுக்குப் பின் அந்தச் சட்டத்தின் அளவு சந்தையிலிருந்து போயிருந்தால், அதற்குப் பொருந்தும் பீடிங்கும் ரப்பரும் தேடி அலைய நேரும். அதே நேரம், எட்டாவது மாடியில் வெளியே தொங்கிப் பட்டி பூசச் சொல்லி ஒருவரைக் கேட்க எனக்கு மனம் வராது. உள்ளிருந்தே பீடிங்கைக் கழற்றி மாட்டும் அலுமினிய ஜன்னல்தான் அங்கே மனிதருக்குப் பாதுகாப்பு.

தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் சட்டம் அரிக்காமல் நிற்கும் இரும்பு ஜன்னல்களை எடைக்குப் போடுவது வீண். பட்டி உதிர்ந்த இடத்தில் சிலிக்கோனைப் பிதுக்கி ஒப்பேற்றுவது அதைவிடக் கெடுதல். மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோன் காயும்போது வினிகர் நெடி அடிக்கும். அது அசிட்டிக் அமிலம், இரும்பை அடியிலிருந்தே அரிக்கும். சிலிக்கோன்தான் வேண்டுமென்றால் நியூட்ரல் என்று எழுதியதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. பட்டியே வைப்பதானால், மழைக்காலம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஆகஸ்டில், வேலையை முடித்துவிட்டால், பட்டி தோல் கட்டிப் பெயின்ட் இரண்டு கை ஏறுவதற்கு நேரம் கிடைக்கும். பெயின்டருக்குக் கண்ணாடிமேல் அந்த இரண்டு மி.மீ. கோட்டை விடும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.