மலாக்காவில் பிறந்த மீன் அறிவு நம் குளத்துக்கு வருமா?

மலாக்கா விமான நிலையம் இருக்கும் பத்து பெரெண்டாமுக்கு மீன் வளர்ப்பு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. வெப்பமண்டல மீன் வளர்ப்பு ஆராய்ச்சிக் கழகம் 1957இல் அமைந்தது அங்கேதான்.

திலாப்பியா வளர்ப்போருக்கு அன்றும் இன்றும் ஒரே தலைவலி. கையளவு வளர்வதற்குள் மீன் குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும். குளம் நிறையப் பொடிமீன், விற்கத் தேறுவது கொஞ்சம். ஆங்கிலேய ஆய்வாளர் சி.எஃப். ஹிக்லிங் இரண்டு வகைத் திலாப்பியாவைக் கலந்து, ஆண் குஞ்சுகளே பிறக்கும் கலப்பினத்தை அங்கு உருவாக்கினார். ஆண் மீன் வேகமாகவும் வளரும். 1960இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே மலாக்காவின் பெயர் இருக்கிறது.

ஆனால் கட்டுரை ஆங்கிலத்தில். மீன்வளத் துறையின் கையேடுகள் மலாயில். ஜாசின், மெர்லிமாவ் தோட்டப்புறத்தில் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கெலியோ திலாப்பியாவோ வளர்ப்பவருக்குப் பக்கத்துக் குளத்துக்காரர் சொல்வதே பாடம்.

அது எப்போதும் போதாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், நீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதை எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தீனி போடக் கூடாது. புது நீர் விட வேண்டும், காற்றூட்டும் இயந்திரத்தை ஓடவிட வேண்டும். மிஞ்சிய தீனி அழுகினால் அமோனியா கூடும். செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போகும் தொழில் இது. இவ்வளவும் தெரியாததால் பல மாத உழைப்பு ஒரே இரவில் செத்து மிதக்கலாம்.

பொது நூலகம் நுழைய வேண்டிய இடம் இதுதான். மலாய்க் கையேட்டைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கித் தரலாம். மீன்வள அதிகாரியை அழைத்து வளர்ப்போரோடு உட்கார வைக்கலாம். கடன், சான்றிதழ் பாரங்களை நிரப்ப உதவலாம். புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம், இணையத்தில் எடுத்த அலை உயரத் தகவலைத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தது. எழுத்தறியாத மீனவருக்கும் அது போய்ச் சேர்ந்தது.

மலாக்கா பொது நூலகத்தின் தலைமையகம் புக்கிட் பாருவில் இருக்கிறது. போகிறவர்கள் புத்தகத்தின் பெயரைத் தேடி அலைய வேண்டாம். என்ன மீன், குளம் எவ்வளவு பெரிது, எந்த நேரத்தில் மீன் சாகிறது என்று நூலகரிடம் சொன்னால் போதும். தண்ணீரின் நிறம் தெரியக் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துச் செல்லலாம்.