சத்திநிபாதம் என்னும் சொல்லும் தென்காசிக் கல்லெழுத்தும்



உலகம்மை உடனாய காசி விசுவநாதப் பெருமான் திருமுன்னர் அடியேன் இன்று எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு சொல். சத்திநிபாதம் என்பது அச்சொல். சென்ற திருவிழாவில் விரிவுரை நிறைவுற்றபின் அன்பர் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, சத்திநிபாதம் பெற்றவர்களுக்கு நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் வந்துவிடுமாமே, மெய்தானா?" என்று வினவினார். விடை கூற அன்று பொழுதில்லை. அவர் இன்றும் இவ்வவையில் இருப்பார் என்று நம்பித் தொடங்குகின்றேன்.

நிபாதம் என்னும் வடசொல்லுக்கு வீழ்தல் என்பது பொருள். சத்தி என்றது இறைவனது திருவருளை. ஆகவே திருவருள் உயிரின்மேல் வீழ்தல், பதிதல் என்று பொருள்படும். சிவாகமங்களில் வழங்கிய இச்சொல் சித்தாந்த சாத்திரங்களின் வழியே தமிழிலும் நிலைபெற்றது. மெய்கண்டாரும் அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியாரும் 13ஆம் நூற்றாண்டினர். அம்மரபில் வந்த உமாபதி சிவம் தமது சங்கற்ப நிராகரணத்திலே சக ஆண்டு 1235 எனக் காலம் குறித்திருக்கின்றார், அது கி.பி. 1313 ஆகும்.

வீழ்தல் என்றவுடன் குற்றாலத்து அருவியை உவமை காட்டுவது இப்பகுதிச் சொற்பொழிவாளர் வழக்கம். அடியேனும் இளமையில் பல மேடைகளில் அவ்வாறு கூறிக் கைதட்டல் பெற்றதுண்டு. பின்னர்ச் சிந்தித்தபோதுதான் அவ்வுவமையின் குறை தெரிந்தது. ஆனியிலும் ஆடியிலும் அருவி பெருகும். பங்குனியில் பாறை காயும். திருவருளுக்கு அத்தகைய வறட்சிக்காலம் உண்டோ? எங்கும் நிறைந்திருப்பது ஓரிடத்தினின்று மற்றோரிடத்தில் வீழ்வதுதான் எங்ஙனம்?

சித்தாந்த உரைகளில் இதற்கு வேறோர் உவமை சொல்லப்படும். பலர் கூடியிருக்கும் அவையின் நடுவே திடீரென ஒரு கல் வந்து விழுகின்றது. என்ன நிகழும்? அமர்ந்திருந்தவர் அனைவரும் அஞ்சி எழுந்து அகல்வர். அந்தக் கல் அவர்கட்கு எதனையும் கொடுக்கவில்லை. இருந்த இருப்பினின்று எழச் செய்தது, அவ்வளவே. அதுபோல், உலக வாழ்வே இன்பமென்று நிலையாக உட்கார்ந்துவிட்ட உயிர், அதனைக் கண்டு அஞ்சி எழுந்து இறைவனிடம் செல்லத் தொடங்குவதே சத்திநிபாதத்தின் அடையாளம். இருவினையில் ஒப்பு நிகழ்ந்து, மலமும் பரிபாகம் எய்தியபோது, அதுகாறும் மறைத்து நின்ற சத்தியே அருட்சத்தியாக விளங்குகின்றது. அவ்விளக்கத்தையே வீழ்ச்சி என்று உபசாரமாகக் கூறினர் முன்னோர்.

இது மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும். வாழைத்தண்டில் தீ பற்றுவது ஒருவகை; பச்சை விறகில் பற்றுவது ஒருவகை; உலர்ந்த விறகில் ஒருவகை; பஞ்சில் ஒருவகை. தீ ஒன்றுதான். குற்றாலநாதரை ஒரு பதிகத்தாலும், அங்குள்ள குறும்பலாவை மற்றொரு பதிகத்தாலும் பாடிய திருஞானசம்பந்தரைப் பஞ்சுக்கு ஒப்பிடலாம். நம்மில் பெரும்பாலோர் வாழைத்தண்டுதான். அதற்காக வருந்த வேண்டியதில்லை.

இனி அன்பரின் வினாவுக்கு வருவோம். வியத்தகு ஆற்றல்களுக்கு நூல்களில் சித்தி என்னும் தனிப்பெயரே உண்டு. அணிமா முதலிய எட்டும் அவ்வகையின. அவை யோகப் பயிற்சியின் பயனாய் வருவன. கிராமத்துக் கொடைவிழாவில் ஒருவர் ஆடினால் "அருள் வந்தது" என்கின்றோம். அவ்வழக்கை அடியேன் இகழவில்லை. எனினும் அச்சொல்லின் பொருளைக் கொண்டுவந்து சத்திநிபாதத்தின்மேல் ஏற்றுதல் பிழை. ஆற்றல் வந்தால், "இது என் ஆற்றல்" என்னும் எண்ணமும் உடன் வருதல் கூடும். திருவருள் பதிந்த இடத்திலோ "என் செயல்" என்பதே தேய்ந்து போகும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டா. 1422இல் பட்டமெய்திய அரிகேசரி பராக்கிரம பாண்டியன், மதுரை தன் குலத்தவர் கையினின்று போய்விட்ட காலத்து மன்னன். அந்நிலையிலும் 1446இல் இத்திருக்கோயிலைத் தொடங்கினான். 1457இல் இராசகோபுரத் திருப்பணிக்கு அடியிட்டான். அது முற்றுப்பெற்றது அவனுக்குப் பின், தம்பி குலசேகர பாண்டியன் காலத்தில். இத்தகைய கோயிலை எடுத்தவன் கல்லில் பொறித்த பாடல்களில் என்ன சொல்கின்றான்? இவ்வாலயம் தெய்வத்தின் செயலால் அமைந்தது, தன் செயலன்று என்கின்றான். பிற்காலத்தில் இதற்கு ஒரு குறை நேர்ந்தால் அதனைப் போக்கிக் காப்பவர் யாராயினும், அவர் அடியில் தான் வீழ்ந்து பணிவதாகவும் கூறுகின்றான். முடிசூடிய தலை, இன்னும் பிறவாத யாரோ ஒருவர் காலடியிற் கிடக்கின்றது! அம்மன்னனுக்கு எந்தச் சித்தி இருந்ததென்று கல்லெழுத்து கூறவில்லை. குழல்விளக்கில் ஒளியை மறைக்கும் அளவுக்கு உபயகாரர் பெயர் எழுதும் நாம் அக்கல்லை ஒருமுறை நின்று படிக்கலாம்.

அவன் அஞ்சிய குறை வந்தே தீர்ந்தது. பிற்காலத்தில் கோபுரம் பிளவுண்டு, மேல்நிலைகள் அழிந்து நெடுங்காலம் நின்றது. அடியேன் சிறுவனாக இருந்தபோது கண்டது அந்தக் கோலத்தைத்தான். பின்னர் ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயரத்தில் மீண்டும் எழுப்பப்பெற்று, 1990இல் குடமுழுக்குக் கண்டது. பெரும்பொருள் தந்தோர் பெயர்கள் அறியப்பட்டவை. சாரம் கட்டியவர், சுண்ணம் குழைத்தவர், உண்டியலில் ஒரு ரூபாய் இட்டுவிட்டுப் பேருந்தேறிப் போனவர் ஆகியோர் பெயர் எங்கும் இல்லை. பாண்டியன் வீழ்ந்து பணிந்த அடிகளுள் அவர்களுடையனவும் உண்டு.