மூன்றே முக்கால் அங்குலம்

பெங்களூர் ஈஜிபுரா சிக்னலில் நிற்பவருக்கு, முடியாத வேலை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017-ல் தொடங்கி 2019-ல் முடிந்திருக்க வேண்டிய மேம்பாலம், ஒப்பந்தம் ரத்தாகி, வேறு கைக்கு மாறி, வருஷக்கணக்கில் வெறும் தூண்களாக நின்றது. அந்தத் தூண்களைப் பற்றிப் பேசாத பெங்களூர்க்காரர் கிடையாது. ஆனால் இதே வட்டாரத்தில் இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னால் நடந்த வேறொரு வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1800 அக்டோபரில் தெற்கே அகரத்துக்கும் வடக்கே பாணஸ்வாடிக்கும் இடையில், ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு நேர்கோடு அளக்கப்பட்டது. வரைபடத்தில் இரண்டு ஊரையும் இணைத்துப் பார்த்தால் அது இன்றைய ஈஜிபுரா, தொம்மலூர் பகுதியை ஒட்டித்தான் போயிருக்க வேண்டும். டிசம்பரில் வேலை முடிந்தது. முடிந்த பின் நாலு வருஷத்துக்குள் அளந்தவரே அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, பெங்களூரில் வேறொரு கோட்டை அளக்க வைத்தார். பிழையில்லாமல் செய்ய முடியாதென்று தெரிந்தும் தன்னால் ஆன மட்டும் செய்வது எப்படி என்பதற்கு, ஒதுக்கப்பட்ட அந்த முதல் கோட்டைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இல்லை.

அளந்தவர் வில்லியம் லாம்டன். ஆர்தர் வெல்லெஸ்லியின் 33-வது படைப்பிரிவில் அதிகாரி. 1799 மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்து மைசூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் வந்ததும், தீபகற்பத்தைக் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை முக்கோணங்களால் அளந்துவிடலாம் என்று திட்டம் கொடுத்தார். அடிக்கோடு எனப்படும் ஒரே ஒரு கோட்டைத் தரையில் துல்லியமாக அளந்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலையைப் பார்த்துக் கோணம் எடுத்து, மற்றப் பக்கங்களைக் கணக்காலேயே கண்டுபிடிக்கலாம். அந்த முதல் கோடு தவறினால் அதன்மேல் கட்டும் அத்தனையும் தவறும். இவ்வளவு பாரத்தைச் சுமக்கப்போகும் கோட்டை அளக்க அவர் கையில் இருந்தது ஒரு பழைய எஃகுச் சங்கிலி. நூறு அடி நீளம், இரண்டரை அடிக்கு ஒரு கணுவாக நாற்பது கணு. லண்டனில் ராம்ஸ்டன் பட்டறையில் செய்தது. மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோன சாமான்களில் ஒன்று. அங்கே விலைபோகாமல், குழுவோடு போன டின்விடி என்ற வானியல் அறிஞர் வழியாகக் கல்கத்தா வந்து, அங்கிருந்து லாம்டன் கைக்கு வந்து சேர்ந்தது.

இந்தச் சங்கிலியின் சங்கடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் ஏறினால் நூறடி எஃகு அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக நீளும். இது ஒரு பொருட்டா என்று தோன்றும். அகரத்திலிருந்து பாணஸ்வாடிவரை அந்தச் சங்கிலியை முந்நூற்றுத் தொண்ணூறு தடவைக்கு மேல் கிடத்த வேண்டும். காலை ஏழு மணிக்கும் பதினோரு மணிக்கும் நடுவே பத்து டிகிரி ஏறினால், மொத்தக் கோட்டில் சுமார் இரண்டரை அடி காணாமல் போய்விடும். குளிர்ந்த ஊர் என்று பெயர் வாங்கிய பெங்களூரிலேயே இந்தக் கதி. வெப்பம் மாறாத நாள் என்று ஒன்று உலகத்தில் இல்லை. அப்படியொரு நாளுக்காகக் காத்திருந்தால் இன்றும் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே செய்யக்கூடியது ஒன்றுதான்: வெப்பமானியைப் பார்த்து, ஒவ்வொரு கிடத்தலின் சூட்டையும் எழுதிவைத்து, பின்னால் கழிப்பது. சங்கிலி நீளாமல் தடுக்க முடியாது, எவ்வளவு நீண்டது என்று அறிய முடியும். தடுப்பது வேறு, அறிவது வேறு என்ற இந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது.

நல்ல கோணமானி ஒன்றுக்கு இங்கிலாந்துக்குச் சொல்லியிருந்தது. அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பதுதான் 1800-ம் வருஷத்துக் கோட்டின் முதல் சிறப்பு. கேரி பட்டறையின் அந்தத் தியோடலைட் அரை டன் எடை, மூன்றடி விட்டமுள்ள வட்டம். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கவர்னர், இது அறிவியல் கருவி என்று மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார். 1802 ஏப்ரலில் லாம்டன் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல். ஐம்பத்தேழு நாள் வேலை. இந்த முறை இரண்டு சங்கிலி: ஒன்று வேலைக்கு, மற்றது அதைச் சரிபார்க்க. சங்கிலியைத் தரையில் போடாமல் முக்காலிகளின் மேல் நிறுத்திய மரப்பெட்டிகளுக்குள் கிடத்தினார்கள். பெங்களூர் மண்ணில் பழகிய கை அங்கே உதவாமல் போயிருக்குமா? ஒதுக்கப்பட்ட கோடு வீண் என்பவர்கள், முதல் தோசை வீண் என்பவர்களைப் போலத்தான். கல் சூடானது அந்தத் தோசையால்.

சென்னையிலிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கோத்துக்கொண்டு கூட்டம் மேற்கே நகர்ந்தது. 1804-ல் பெங்களூரில் லெஃப்டினன்ட் ஜான் வாரன் புதிய அடிக்கோட்டை அளந்தார். ஏழு மைலுக்கும் சற்று அதிகம். அதே கோட்டின் நீளம் சென்னையிலிருந்து வந்த கணக்கிலும் கிடைத்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வித்தியாசம் 3.7 அங்குலம். லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதை வெற்றி என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்த 3.7 அங்குலத்தை லாம்டன் மறைக்காமல் வெளியிட்டது. சோதனை என்று ஒன்றை அவரே கூப்பிட்டு வைத்துக்கொண்டார். அது காட்டிய குறையை அப்படியே அச்சிட்டார். முக்கோணத்திலும் இதே வழக்கம்தான். மூன்று கோணமும் சேர்ந்து, பூமியின் உருண்டைக்குரிய சிறு மிகுதியோடு, 180 டிகிரி வர வேண்டும். ஒருபோதும் சரியாக வராது. மிஞ்சியதையோ குறைந்ததையோ மூன்று கோணத்துக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு அடுத்த மலைக்கு நடக்க வேண்டும். ஐரோப்பாவில் லெஜாந்தர் 1805-லும் காஸ் 1809-லும் இந்தப் பகிர்வுக்கே முறையான கணிதம் ஒன்றை வெளியிட்டார்கள். பிழை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்ற நிலையிலிருந்து கணக்குப் போட வேண்டிய விஷயம் என்ற நிலைக்கு வந்தது அந்தப் பத்தாண்டில்தான்.

வெட்கப்பட்டவரின் கதையும் அதே காலத்தில் இருக்கிறது. மீட்டர் என்ற அளவை நிச்சயிக்க, டன்கர்க்கிலிருந்து பார்சிலோனாவரை அளக்கப் பிரெஞ்சு அரசு 1792-ல் இரண்டு பேரை அனுப்பியது: வடக்கே டெலாம்பர், தெற்கே மெஷேன். மெஷேன் பார்சிலோனாவில் அருகருகே உள்ள இரண்டு இடங்களில் நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகை கண்டார். இரண்டும் மூன்று விகலைபோல முரண்பட்டன. எங்கே தவறினோம் என்று அவருக்குப் புரியவில்லை. யாரிடமும் சொல்லவும் மனம் வரவில்லை. குறிப்பேட்டைத் தராமல் தள்ளிப்போட்டார், எண்களைச் சீர்செய்து கொடுத்தார், வருஷக்கணக்கில் உள்ளுக்குள் வெந்தார். அந்தக் கறையைக் கழுவவென்று மறுபடி ஸ்பெயினுக்குப் போய், 1804 செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். பெங்களூரில் 3.7 அங்குலம் எழுதப்பட்ட அதே வருஷம். பிறகு காகிதங்களைப் புரட்டிய டெலாம்பருக்கு விஷயம் தெரியவந்தது. மெஷேன் சோம்பேறி அல்ல, பொய்யரும் அல்ல. அவரைவிடக் கவனமாகப் பார்த்தவர்கள் குறைவு. கருவியிலும் வளிமண்டலத்திலும் உள்ள குறையைத் தன் மேல் விழுந்த பழியாக எடுத்துக்கொண்டதுதான் அவருக்கு வந்த வினை. குற்றமே வரக்கூடாது என்ற வைராக்கியம் கடைசியில் குற்றத்தை மறைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது.

லாம்டனுக்கும் சோதனை வந்தது, தஞ்சாவூரில். காவிரிப் படுகையில் மலை கிடையாது. தென்னந்தோப்புகளுக்கு மேலே தலை நீட்டுவது கோயில்கள் மட்டும். ஆகவே கோயில்களின் மேல் ஏறித்தான் பார்த்தார்கள். 1808-ல் பெரிய கோயிலின் உச்சிக்குத் தியோடலைட்டை இழுக்கும்போது, சுவரில் படாமல் விலக்கிப் பிடித்த கயிறு அறுந்தது. கருவி பெட்டியோடு போய்க் கல்லில் மோதியது. மூன்றடி வட்டம் கோணிப்போயிற்று. கோணங்களின் தாய் அந்த வட்டம்தான். திருச்சிக்குக் கொண்டுபோய், கூடாரத்துக்குள் அடைந்து, தொழிலாளிகளைத் தவிர யாரையும் விடாமல் ஆறு வாரம் உட்கார்ந்தார் லாம்டன். பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, அதற்குள் பொருந்தும்வரை உலோகத்தை ஆப்பாலும் திருகாலும் கப்பியாலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். வளைந்த ஆரங்களை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். பழைய வட்டம் ஆகிவிடவில்லை, ஏறக்குறைய ஆயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனார். கூடம் கோணல் என்று சொல்லிவிட்டு ஆட்டத்தை நிறுத்த இதைவிட நல்ல சாக்கு யாருக்கும் கிடைத்திருக்காது.

அந்தக் கோயிலின் சுவரிலேயே, அதற்கு எட்டு நூற்றாண்டு முன்னால், வேறொரு அளவு வெட்டப்பட்டிருக்கிறது. ராஜராஜன் காலத்து நிலக்கணக்கில், முந்திரி என்ற சிறு பின்னத்துக்கும் கீழே, கீழ் முந்திரிக்கும் கீழே போய், ஒரு வேலி நிலத்தை ஐயாயிரம் கோடிக்கும் மேலான கூறாக்கினால் கிடைக்கும் துணுக்குவரை எழுதியிருக்கிறார்கள். ஓர் எள் படுத்திருக்கும் இடத்தைவிடச் சிறியது. இதைப் பெருமையாக எடுத்துச் சொல்லாத தமிழ் மேடை உண்டா? கணக்கர்களின் திறமைக்கு அது சான்று, ஐயமில்லை. ஆனால் எந்தக் கோலும் வயலில் எள்ளளவு அளக்காது, வரப்பே ஒவ்வொரு மழைக்கும் அதைவிட அதிகம் நகரும். அந்தத் துணுக்கு மண்ணில் கிடைத்ததாக இருக்க முடியாது. வகுத்துக்கொண்டே போனதில் ஏட்டில் கிடைத்தது. காகிதத்தில் குறையே இல்லாமல் இருக்க முடியும், கால் வைக்கும் தரையில் முடியாது.

இந்த வாதத்துக்குப் பெரிய மறுப்பு லாம்டனின் சீடரிடமிருந்தே வருகிறது. 1818-ல் வந்து சேர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட், ஆசானின் கருவியும் வேலையும் போதாது என்று எழுதியவர். சங்கிலியை விட்டுவிட்டு, வெப்பத்தால் நீளம் மாறாதபடி இரண்டு உலோகங்களை இணைத்த கம்பிகளைக் கொண்டுவந்தார். உடம்பைக் கெடுத்துக்கொண்டு, உதவியாளர்களை வாட்டி, வடக்குப் பகுதியை இன்னும் துல்லியமாக அளந்தார். அந்தக் கெடுபிடி இல்லாவிட்டால் பின்னால் இமயத்தின் உயரம் அவ்வளவு சரியாகக் கிடைத்திருக்குமா என்று கேட்டால், கிடைத்திருக்காது என்பதே நேர்மையான பதில். ஆனால் எவரெஸ்ட் 1830-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே அதை லாம்டனின் வேலைக்குத் தொடர்ச்சி என்றுதான் சொல்கிறது. எங்கே எவ்வளவு தவறியிருக்கலாம் என்று முன்னவர் எழுதி வைத்ததால்தான் பின்னவரால் குறை சொல்லவே முடிந்தது. தள்ளிப்போட்டவரின் வேலையில் யாரும் பிழை கண்டுபிடிக்க மாட்டார்கள், உண்மைதான். திருத்தவும் மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்து மறுப்பு இன்னும் கனமானது. அது ஈஜிபுராவிலேயே இருக்கிறது. பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னால், எப்படியோ கட்டிக் கொடுப்பவனுக்கு அது நல்ல சாக்காகிவிடாதா? ஏழைகளுக்கென்று மாநகராட்சி இங்கே கட்டிய அடுக்குக் குடியிருப்பில் ஒரு தொகுதி 2007-ல் இடிந்து விழுந்தது. மற்றவையும் பிறகு இடிக்கப்பட்டன. அதே இடத்தில் தகரக் கொட்டகையில் இருந்தவர்களையும் 2013 ஜனவரியில் புல்டோசர் வந்து வெளியேற்றியது. ஒரு வீட்டின் சுவருக்கு முன்னால் நின்று ‘ஏறக்குறைய’ என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது. ஆனால் அளந்து, எழுதி, அனுமதித்த பிழை வேறு. அளக்காமலே விட்ட பிழை வேறு. நல்ல பொறியாளர் சிமென்ட் பிசகும், கம்பி பிசகும், கொத்தனார் கை பிசகும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, தேவைக்கு மேல் பலம் சேர்க்கிறார். தையற்காரர் உள்ளே மடித்து விடும் துணியும் அதுவே. அளக்காமல் விட்ட பிழை எப்படி என்றால், லாம்டனுக்கு முந்தைய வரைபடங்கள் சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே நாடு நானூறு மைல் அகலம் என்று காட்டின. அவர் அளந்தபோது முந்நூற்று அறுபதுதான் இருந்தது. அந்த நாற்பது மைலை யாரும் பிழை என்று அறிந்து வைத்திருக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதுமே, இத்தனை செலவு எதற்கு என்று சென்னையில் ஒருவர் கேட்டதாகக் கதை உண்டு. ‘போதும்’ என்பதை அளக்காமல் சொல்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

யாருக்காக அளந்தார்கள் என்ற கேள்வியையும் விழுங்கிவிட முடியாது. கம்பெனியின் வரிக்கும் படைக்கும் பயன்பட்ட வரைபடம் அது. சங்கிலி தூக்கியவர்கள், கொடி பிடித்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் போனவர்கள் பலருக்குப் பெயர்கூடப் பதிவாகவில்லை. அங்குலத்தின் பத்தில் ஏழு பங்கை எழுதிய அதே ஏட்டில் அவர்கள் விடுபட்டுப் போனது, அந்த அலுவலகம் எண்ணிப் பார்க்காத பிழை.

லாம்டன் 1823 ஜனவரியில் ஹிங்கன்காட்டில் முகாமிலேயே இறந்தார். அவர் தெற்கே விட்டுப்போனதை 1860-களில் ஜேம்ஸ் வாக்கர் தலைமையில் மறுபடி எடுத்தார்கள். 1868-ல் பெங்களூரில் மீண்டும் ஓர் அடிக்கோடு, இம்முறை ஈருலோகக் கம்பிகளால். அடுத்த வருஷம் கன்னியாகுமரிப் பக்கத்தில் இரண்டு மைலுக்கும் குறைவான ஒரு சின்னக் கோடு. அதை நான்கு தடவை அளந்தார்கள். நான்கும் ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போகும் என்று அங்கே நின்ற யாரும் நினைக்கவும் இல்லை. எவ்வளவு ஒத்துப்போகாது என்று பார்க்கத்தான் நான்கு தடவை அளந்தது.