யார்க் தேவாலயத்தில் எரிந்த கடன் பத்திரங்கள்

ஐரோப்பாவில் யூத வெறுப்பு என்றாலே ஹிட்லரிடமிருந்து தொடங்குவது நம் வழக்கமாகிவிட்டது. அவர் ஆட்சிக்கு வருவதற்கு ஏறக்குறைய 750 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் யார்க் நகரில் நடந்ததைப் பார்த்தால், இந்த வெறுப்பின் வேர்கள் எவ்வளவு ஆழமானவை என்பது விளங்கும்.

முதல் வேர் சமயம். ஏசுநாதரும் அவருடைய சீடர்களும் யூதர்களே. ஆயினும் அவரைச் சிலுவையில் அறைந்த பழி ஒட்டுமொத்த யூத இனத்தின்மீதும் சுமத்தப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபை இதை அதிகாரபூர்வமாக மறுத்தது 1965ஆம் ஆண்டில்தான்.

மற்றொன்று பணம். கிறிஸ்தவர்கள் வட்டி வாங்கக் கூடாது என்று திருச்சபை தடுத்தது. ஆனால் போருக்கும் கட்டடத்திற்கும் கடன் தேவைப்பட்டதே! வேறு தொழில்களுக்கான கதவுகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருந்த யூதர்களில் பலர் வட்டித் தொழிலுக்கு வந்தனர். சட்டப்படி அவர்கள் மன்னரின் உடைமை. வந்த வட்டியில் பெரும்பகுதியை மன்னரே வரியாக உறிஞ்சிக்கொண்டார். கடன்பட்டவர்களின் கோபமோ, கண்ணெதிரே இருந்த யூதர்கள் மீதுதான் பாய்ந்தது.

மூன்றாம் சிலுவைப் போருக்கு ஆள் திரண்ட நேரம் அது. 1190 மார்ச் மாதம் யார்க் நகர யூதர்கள் உயிருக்குப் பயந்து அரசக் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தனர். கூட்டம் கோட்டையை முற்றுகையிட்டது. மார்ச் 16ஆம் தேதி பலர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டனர். மதம் மாறுகிறோம் என்று வெளியே வந்தவர்களையும் கொன்றார்கள். மாண்டவர்கள் சுமார் 150 பேர் என்பார்கள்.

அதன்பின் கூட்டம் நேராக நகரின் பெரிய தேவாலயத்துக்குச் சென்று, அங்கே வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தியது. கூட்டத்தை வழிநடத்திய ரிச்சர்ட் மாலெபிஸ் போன்றோர் யூதர்களிடம் கடன்பட்டவர்கள். வெறும் மத ஆவேசம்தான் என்றால் பத்திரங்களுக்கு ஏன் தீ வைக்க வேண்டும்?

அரசாங்கம் பாடம் கற்றுக்கொண்டது. 1194 முதல் கடன் பத்திரங்களின் பிரதிகளைக் குறிப்பிட்ட ஊர்களில் அரசுப் பெட்டிகளில் பாதுகாக்க ஏற்பாடு செய்தது!

1275இல் முதலாம் எட்வர்ட் மன்னர் யூதர்கள் வட்டி வாங்குவதையே தடை செய்தார். வரி கொடுத்துக் கொடுத்து அவர்கள் ஏற்கெனவே நொடித்துப் போயிருந்தனர். கறப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்ற நிலையில், 1290இல் அனைவரையும் நாட்டைவிட்டே வெளியேற்றினார். நாடாளுமன்றம் அவருக்குப் பெரிய வரித்தொகை ஒன்றை அனுமதித்ததும் இதையொட்டித்தான்.

யூதர்கள் திரும்பிவர 1656வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளியில்தான் ஷேக்ஸ்பியர் ஷைலாக் என்ற வட்டிக்காரரைப் படைத்தார். யூதர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வாழ எவருக்கும் அனுமதியில்லாத லண்டனில், அந்த நாடகத்தைக் காண மக்கள் திரண்டனர்.