ஏரிக்கரையில் ஒரு மரத் தேவாலயம்

பின்லாந்தின் நடுப்பகுதியிலே பெட்டாயாவெசி என்றொரு கிராமம் உண்டு. பெயரைப் பிரித்தால் 'பைன் மரம்', 'நீர்' என இரு சொற்கள் கிடைக்கும். அவ்வூரின் வரலாறே இவ்விரண்டினுள் அடங்கிவிடுகின்றது என்பேன்.

காட்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பல் மண்ணிலே தானியம் விதைத்தவர்கள் அப்பகுதியின் முன்னோர். சில விளைச்சலோடு மண் சோர்ந்துவிடும். வேறு காடு தேடுவர். ஆதலால் குடிமனைகள் தூரதூரமாய்ச் சிதறிக் கிடந்தன. பஞ்சம் வந்தால் பைன் மரத்தின் உட்பட்டையை இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள்.

சிதறி வாழ்ந்த இம்மக்களை ஓரிடத்திற் கூட்டியது தேவாலயமே. பின்லாந்து சுவீடனின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1763 முதல் 1765 வரை, லூதரன் சபையினருக்காக அது எழுந்தது. கட்டியவர் யாக்கோ லெப்பானென் என்ற குடியானவத் தச்சர். பெருநகரங்களிலே கல்லில் எழுந்த வளைகூரையை அவர் மரப்பலகையிலே வளைத்துக் காட்டினார். ஏரிக்கரையே அதற்குத் தெரிவான இடம். கோடையிலே படகேறியும், மாரியிலே உறைந்த ஏரியின்மேல் சறுக்குவண்டியிலும் சனங்கள் வந்து சேர்ந்தார்கள்.

என்னைக் கவர்ந்தது அங்குள்ள பிரசங்க மேடை. அதனைத் தாங்கி நிற்பது புனித கிறிஸ்தோப்பரின் மரச் சிற்பம். புனிதர் வணக்கத்தை விலக்கிய சபை அது. ஆயினும், குழந்தை இயேசுவைத் தோளிற் சுமந்து ஆற்றைக் கடத்தியவரென்று மரபுக்கதை சொல்லும் அம்மனிதரை, நீர் கடந்து வந்த மக்கள் கைவிட மனங்கொள்ளவில்லைப் போலும்!

1821இல் யாக்கோவின் பேரன் எர்க்கி மணிக்கோபுரத்தைக் கட்டிச் சேர்த்தார். 1879இல் ஊரார் புதிய தேவாலயம் ஒன்றை எழுப்பிக்கொண்டு, பழையதை விட்டு நீங்கினர். மயானமும் மணிக்கோபுரமும் மாத்திரமே தொடர்ந்து பயன்பட்டன.

விந்தை இங்கேதான் இருக்கிறது. வழிபாடு தொடர்ந்திருந்தால், காலத்துக்கேற்ற திருத்தம் என்ற பெயரிலே தச்சனின் கைவண்ணம் கலைந்திருக்கக்கூடும். ஆளில்லாததனால் அது அப்படியே நின்றது. 1920களிலே அதன் அருமையை உணர்ந்தோர் பழுது பார்க்கத் தொடங்கினர். 1994இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது.

புறக்கணிப்பை நான் போற்றுவதாக எண்ணவேண்டாம். இன்னும் சில பத்தாண்டுகள் எவரும் திரும்பிப் பாராதிருந்தால், மழையும் பனியும் அந்த மரத்தைத் தின்று தீர்த்திருக்கும். அதனைப் பாதி காத்தது மறதி. மீதியைக் காத்தது, உரிய வேளையிலே வந்த நினைவு.